ஏலத்தில் எடுத்த புல்

மார்கழி மழை விட்ட மறுநாள் காலையில் தனகோடி அக்காவின் மாடுகள் எங்கள் கழனிக்குள் நின்றன. ஏழெட்டு இருக்கும். முழங்கால் உயரப் புல்லுக்குள் தலையை விட்டு, நிமிராமல் மேய்ந்தன. அக்கா வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

புல் கதிர் விடுகிற நேரம், விதை விழுந்த பிறகு மாட்டை விடுங்கள் என்று சொல்வதற்காகத்தான் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போனதும், "மழை விட்டுடுச்சுங்க அக்கா" என்றேன்.

அவருக்கு நான் வந்த காரணம் தெரிந்துதான் இருந்தது.

"இன்னா பாப்பா, புல்லுக்குக் காவலா? நெல்லு இருந்தா சொல்லு, இப்பவே ஓட்டிக்கினு போறேன்."

அவர் சொன்னது ஊர் வழக்கம். நாற்று நட்ட நாளிலிருந்து அறுப்பு முடிகிற நாள்வரை கழனி அதன் சொந்தக்காரருக்கு. அறுத்துக் கட்டைத் தூக்கியதும் அது எல்லார் மாட்டுக்கும் பொது. யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் கழனியில் அறுப்பு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் அது வருஷம் முழுவதும் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது.

மொத்தம் நாலு கழனி. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே கலையரசன் அண்ணனின் உப்பளம். முன்பு ஒரு புயலில் கால்வாய்க் கரை உடைந்து, உப்புத் தண்ணீர் உள்ளே வந்து வாரக்கணக்கில் நின்றது. அதற்குப் பிறகு அப்பா இரண்டு முறை நெல் போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் நாற்று நுனி கருகி உட்கார்ந்துவிட்டது. அப்பா நெல்லை விட்டுவிட்டு ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனார். கழனிப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார்.

நிலம் மட்டும் சும்மா இருக்கவில்லை. முதலில் உமிரி வந்தது. உப்பு மண்ணில் வேறெதுவும் முளைக்காதபோது முளைப்பது அது. பிறகு ஓரங்களில் கோரை. போன இரண்டு மழைக்காலங்களில் கோரைக்கு நடுவே அருகம்புல் படர்ந்துவிட்டது. நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உப்பு அளக்கிற கருவி அங்கே இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் நாலு கழனியிலிருந்தும் மண் எடுத்துப் போய்ப் பார்ப்பேன். புல் பிடித்த மூன்றிலும் உப்பு குறைந்துகொண்டே வந்தது. கால்வாய் ஓரத்து நாலாவது கழனியில் மட்டும் எதுவும் முளைக்கவில்லை. அங்கே உப்பும் அப்படியே இருந்தது. வெயில் காலத்தில் அது வெள்ளை வேட்டி விரித்தது போலக் கிடக்கும்.

இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. வேர் இருந்தால் மழைத் தண்ணீர் கீழே இறங்கும், உப்பையும் கொண்டு போகும். மேலே புல் மூடியிருந்தால் வெயில் அந்த உப்பைத் திரும்ப மேலே இழுக்காது. ஆனால் புல்லை வேர்வரைக்கும் மேய்ந்துவிட்டால் நிலம் மறுபடி வெளுக்கும். இதுதவிர, மாடுகள் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலங்காயைத் தின்றுவிட்டு இங்கே வந்து சாணி போடும். மழை பெய்ததும் ஒவ்வொரு சாணியிலும் முள்கன்று எழும்பும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதைப் பிடுங்குவது என் வேலை. நான் பிடுங்குவதற்குள் அடுத்த மந்தை வந்துவிடும்.

அந்த மார்கழியில் கலையரசன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாலு கழனியையும் நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டார். பொங்கல் கழிந்ததும் உப்புப் பாத்தி மிதிக்க வேண்டும், மாட்டுப் பொங்கலன்று பதிலுக்கு வருகிறேன் என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல மனிதர். நியாயமான குத்தகையும் சொன்னார். அவர் போன பிறகு நான் அப்பாவிடம் என்னால் முடிந்தவரை பேசினேன். களிமண்ணைப் போட்டு மிதித்துப் பாத்தி கட்டி, கால்வாய்த் தண்ணீரை ஏற்றிவிட்டால் பிறகு அங்கே எந்தக் காலத்திலும் புல்கூட முளைக்காது என்று சொன்னேன். மூன்று கழனி திரும்பி வருகிறது, இன்னும் சில மழைக்காலம் போதும் என்றேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ சொல்றது புரியுது. ஆனா புல்லு நமக்கு இன்னா குடுத்துது? ஊரு மாடு தின்னுட்டுப் போவுது. இந்தப் புல்லை வாங்கறேன்னு ஒரே ஒரு ஆளைக் காட்டு. நான் அவருக்கு இல்லன்னு சொல்லிடறேன்."

ஒரே ஒரு ஆள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

தனகோடி அக்கா வீட்டுக்கு முதலில் போனேன். கிளியனூர் பக்கத்திலிருந்து வந்த வைக்கோலை டிராக்டரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் விலை ஏறிக்கொண்டே போகிறதென்று டிராக்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார் அக்கா. நான், எங்கள் புல்லைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டிராக்டர்காரரும் சேர்ந்துகொண்டார். நிற்கிற புல்லுக்கு யாராவது காசு கொடுப்பார்களா, நாளைக்குக் காற்றுக்கும் கேட்பாயா என்றார். அதைச் சொல்லிக்கொண்டே வைக்கோலுக்குக் காசு எண்ணிக் கொடுத்தார்.

அடுத்து டீக்கடை விஜயகுமார் அண்ணன். கடைக்கென்று நாலைந்து கறவை வைத்திருக்கிறார். ஊரில் பால் விஷயத்தில் தனகோடி அக்காவுக்குப் போட்டி அவர்தான். டீ கொடுத்தார், காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் புல் பேச்சை எடுத்ததும், "தனகோடி மாடு சும்மா மேயும்போது நான் மட்டும் காசு குடுத்தா ஊரு சிரிக்கும்மா" என்றார். மூன்றாவதாக ஒரு வீடு இருந்தது. நான் போகவில்லை.

திரும்பி நடக்கும்போது அந்த வைக்கோல் வண்டிதான் மனதில் ஓடியது. வைக்கோலைவிட இந்தப் புல் மாட்டுக்கு நல்லது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வைக்கோல் அறுத்துக் கட்டி வண்டியில் வருகிறது. அதற்கு விலை இருக்கிறது. புல் நிற்கிறது. நிற்பதற்கு விலை இல்லை. நான் இவ்வளவு நேரமும் விலையில்லாத ஒன்றைத்தான் விற்கப் பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அம்மா சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தார். எங்கள் பங்குக்கோயிலில் பொங்கல் திருப்பலியின்போது நிலம் உள்ளவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததைக் காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொண்டுபோவார்கள். பூசை முடிந்ததும் அதெல்லாம் வாசலில் ஏலம் போகும். நெல் நின்றுபோன பிறகு அம்மா வருஷா வருஷம் சந்தைப் பூசணிக்காயைத்தான் கொண்டுபோவார். எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் கதிரருவாளைத் தேடினேன். அம்மா எதற்கென்று கேட்டார். சொன்னேன். "உனக்கு அறுக்கத் தெரியாது, விரலை வெட்டிப்ப" என்று தானும் கூட வந்தார். மூன்றாவது கழனியில் விதை கொட்டி முடிந்த ஒரு மூலையில் மட்டும் அறுத்தோம். அரை நாள் காயவிட்டு, அம்மா அதை வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். நெற்கட்டுக்குப் போடுகிற முடிச்சு. அந்த முடிச்சை அம்மா போட்டுப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. கை மறக்கவில்லை.

கட்டை அம்மாதான் தூக்குவார் என்று நினைத்திருந்தேன். கோயில் வாசலில் அவர் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அம்மா வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தார். இடுப்பில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. தலையில் வைத்தேன். எனக்கு முன்னால் கரும்பும் நெற்கதிரும் வாழைத்தாரும் ஒரு சேவலும் போயின. கடைசியில் புல். கோயில் நடுப்பாதை முழுக்க என் தலையிலிருந்து புல் உதிர்ந்துகொண்டே வந்தது. பெஞ்சுகளில் துப்பட்டாவுக்குள்ளும் கைக்குட்டைக்குள்ளும் சிரிப்பது கேட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பூசை வைத்த சாமியார் இரண்டு கையாலும் கட்டை வாங்கினார். வாங்கியதும் தும்மினார். அப்போது எல்லாரும் தாராளமாகவே சிரித்துவிட்டார்கள்.

ஏலம் போடுவது, கோயில் வேலைகளில் சாமியாருக்கு உதவுகிற உபதேசியார் ஜெயசீலன். வாசலில் ஊர் மொத்தமும் நின்றது. ஏலத்துக்கு வேதக்காரரான கிறிஸ்தவர், இந்து என்று பார்க்காமல் எல்லாத் தெருவிலிருந்தும் வருவார்கள். தனகோடி அக்கா முன்வரிசையில் இருந்தார். வாழைத்தாருக்குக் கேட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார். விஜயகுமார் அண்ணன் பின்னால் நின்றார். சேவல் போனது. அம்மாவின் பூசணிக்காயும் போனது. உபதேசியார் புல்லுக்கட்டைத் தூக்கி மேசையில் வைத்து, அப்பா பெயரைச் சொல்லிக் கூவினார்.

"அடுத்தது பாஸ்கல் வீட்டுப் புல்லு. நாலு காலு இருக்கறவங்க மட்டும் கேக்கலாம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் கேட்கவில்லை. நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றேன். உபதேசியார் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த ஏலத்துக்கான புளித்தட்டை எடுக்கப் போனார். அதற்குள் தனகோடி அக்கா முன்னால் போய்க் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். முகர்ந்தார். கடித்தார். மென்றார்.

"லேசா உப்பு இருக்குது" என்றார், யாரிடமும் சொல்லாமல். "அதான் மூதேவி காலையில கயித்தை அறுத்துக்கினு அங்கயே ஓடுது." பிறகு உபதேசியாரிடம் ஒரு தொகை சொன்னார். சின்னத் தொகைதான்.

பின்னாலிருந்து விஜயகுமார் அண்ணன் அதைவிடக் கொஞ்சம் கூடச் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. தனகோடி அக்கா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை. அவர் ஏற்ற, இவர் ஏற்ற, புல்லுக்கட்டு பூசணிக்காயைத் தாண்டியது, சேவலைத் தாண்டியது, வாழைத்தாரையும் தாண்டியது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். புல் தனகோடி அக்காவுக்குப் போனது. நேற்றுவரை சும்மா தின்ற புல்லுக்கு இன்றைக்குக் காசா என்று யாரோ கேட்டார்கள். "கோயில்ல எடுத்தது வேற" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அக்கா நடந்தார்.

பணம் கோயிலுக்குப் போனது. எங்களுக்கு எதுவும் வரவில்லை. ஒரு கட்டு விற்றால் வாங்க ஆள் இருக்கிறதென்று ஆகுமா, ஆகாதா என்று அப்பாவிடம் நான் கேட்கவில்லை. மறுநாள் கலையரசன் அண்ணன் பதிலுக்கு வருவார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையிலேயே கழனிப் பக்கம் சத்தம் கேட்டது. நானும் அப்பாவும் போனோம். கொம்புக்குச் சிவப்பும் நீலமும் அடித்த மாடுகளோடு தனகோடி அக்கா ஒரு பக்கம் நின்றார். கையில் முளைக்குச்சிகளும் கயிறும். எதிரே விஜயகுமார் அண்ணன். அவர் மாடுகள் கழனிக்குள் நின்றன. அக்கா அவற்றை விரட்டிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு உள்ள விட்ட? ஏலத்துல எடுத்தவ நானு."

"நீ எடுத்தது ஒரு கட்டு. கழனியையா எடுத்த?"

"கட்டு இன்னாத்துக்கு வெச்சாங்க? மாதிரிக்கு. புளிக்கு ஒரு தட்டு வெக்கறாங்களே, தட்டை மட்டுமா வூட்டுக்கு எடுத்துக்கினு போறோம்?"

எங்கள் கோயிலில் ஏலம் இரண்டு வகை. காணிக்கை ஏலத்தில் மேசையில் இருக்கிற பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். மர ஏலம் அப்படியல்ல. கோயில் தோப்பின் புளி, தேங்காயில் கொஞ்சம் மாதிரிக்குத் தட்டில் வைப்பார்கள். அதை எடுப்பவருக்கு அந்த வருஷத்து மகசூல் முழுவதும் சொந்தம். புல் காணிக்கை ஏலத்தில் கடைசி. அதற்குப் பின்னால் மர ஏலம். அக்கா புல்லையும் மரத்தோடு சேர்த்துவிட்டார். உண்மையிலேயே அப்படி நினைத்தாரா, இல்லை வாழைத்தாரைவிட அதிகமாக ஒரு புல்லுக்கட்டுக்குக் கொடுத்ததற்கு இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாரா, எனக்குத் தெரியாது.

அப்போது கலையரசன் அண்ணன் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கினார். வேடிக்கை பார்க்க இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

ஆமாம், கழனியைத்தான் எடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அப்பா கேட்ட ஆள் கையில் குச்சியோடு நிற்கிறார். ஆனால் அப்படிச் சொன்னால் எட்டு மாடும் மூன்று கழனியிலும் இஷ்டம்போல் மேயும். சித்திரைக்குள் தரை தெரியும். ஐப்பசியில் முள் எழும்பும். இல்லை என்று சொன்னால் அக்கா நாலு பேருக்கு முன்னால் அவமானப்பட்டுக் குச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கலையரசன் அண்ணன் அங்கேயே நிற்கிறார்.

"அக்கா, நீங்க எடுத்தது கட்டுதாங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கா காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் மாறியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

"கழனி வேணும்னா தர்றோம். வருஷக் குத்தகை, அப்பாகிட்ட பேசிக்குங்க. ஆனா ஒரு நேரத்துக்கு ஒரு கழனிதான். மொளைக்குச்சி அடிச்சுக் கட்டணும், அவுத்து வுடக் கூடாது. ஒண்ணு மேஞ்சு முடிஞ்சா அது மறுபடி ஏறி வர்ற வரைக்கும் அதுல கால் வைக்கக் கூடாது. கதிர் வுடற மாசம் எந்தக் கழனியும் கிடையாது, விதை கொட்டினதை மட்டும் அறுத்து எடுத்துக்கலாம். வேலிக்காத்தான் கன்னு உங்க சாணியில மொளைச்சா நீங்கதான் புடுங்கணும்."

ஒரு மாடு பெருமூச்சு விட்டது.

"இதுக்கு நான் காசும் குடுத்து, வேலையும் பாக்கணுமா?" என்றார் அக்கா.

"வேணாம்னா வுட்டுடு" என்றார் விஜயகுமார் அண்ணன். "நான் எடுத்துக்கறேன். பாப்பா சொன்னது எல்லாத்துக்கும் சரி."

"நீ வாயை மூடு. நேத்து ஏலத்துலயே உன்னால முடியல."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அப்பாவிடம் மாறி மாறிப் பேசினார்கள். நெல்லுக்குக் கட்டிய வரப்புகள் நாலு கழனிக்கும் நடுவில் அப்படியே இருந்தன. அப்பா அதில் ஒன்றின் மேல் ஏறி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நெல்லை விட்ட பிறகு அவர் அங்கே வந்து நிற்பதை அன்றுதான் பார்க்கிறேன். கடைசியில் முதல் இரண்டு கழனி தனகோடி அக்காவுக்கு, மூன்றாவது விஜயகுமார் அண்ணனுக்கு என்று முடிவானது. உப்பளக் குத்தகையில் பாதிகூட வராது. அப்பா அதை மறைக்கவில்லை. கலையரசன் அண்ணனிடம் போய் அதையே சொன்னார்.

"நீங்க சொன்ன தொகை இதுல வராதுங்க. ஆனா ஒரு ஆளைக் காட்டுன்னு சொன்னேன், ரெண்டு வந்து அடிச்சிக்கிது. சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்குது இல்ல."

கலையரசன் அண்ணன் புல்லைக் காலால் விலக்கிக் கீழே மண்ணைப் பார்த்தார். அவருக்கு உப்பு தெரியும். வெகுநேரம் பார்த்தார். தன் உப்பளத்து வடக்குக் கரை மழையில் கசிகிறது, அதைக் கொஞ்சம் உயர்த்திவிடுகிறேன், இந்தப் பக்கம் இறங்காது என்றார். நாலாவது கழனியையாவது தருகிறீர்களா என்றும் கேட்டார். அப்பா மறுபடி என்னைப் பார்த்தார்.

நாலாவது வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. ராத்திரியில் மாட்டை அங்கே கட்டினால் சாணியும் மூத்திரமும் தின்று மிச்சமான வைக்கோலும் மிதிபட்டு மண் கொஞ்சம் பொலபொலக்கும், அடுத்த மழைக்கு ஓரத்தில் உமிரியாவது வரலாம் என்றேன். வரும் என்று சொல்லவில்லை. வரலாம் என்றுதான் சொன்னேன்.

"உன் தரிசுல என் மாட்டைக் கட்டறதுக்கு நீதான் எனக்குக் காசு குடுக்கணும்" என்றார் தனகோடி அக்கா.

"அங்க கட்டுனா அந்த வருஷக் குத்தகையில கொஞ்சம் கொறைச்சுக்கலாம்" என்றார் அப்பா. அதை என்னைக் கேட்காமலே சொன்னார். கலையரசன் அண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

அக்கா முதல் கழனியில் குச்சியை வைத்துக் கல்லால் அடித்தார். சிவப்புக் கொம்புக் கிடேரியைக் கட்டினார். கயிறு எட்டுகிற தூரத்துக்குள் அது ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. அடுத்த குச்சிக்கு இடம் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டார்.

"மறுபடி ஏறி வர்ற வரைக்கும்னு சொன்னியே, எவ்ளோ ஒசரம்?"

"கணுக்கால் மறையற அளவுங்க."

"யாரு கணுக்காலு? உன்னுதா, என்னுதா?"

இரண்டு பேர் கால்களையும் பார்த்தேன். அவருடையது என்னுடையதைவிட நாலு விரல் உயரம் குறைவு.

"மாட்டோடதுங்க அக்கா" என்றேன்.